உருளைக்கு எண்ணத் தெரியுமா?

தோழர்களே! காளிகேசம் செல்லும் வழியில் இருக்கிறது கீரிப்பாறை. மலையடிவாரம், பார்க்குமிடமெல்லாம் ரப்பர் மரம். பொழுது விடியுமுன் பால்வெட்டும் தொழிலாளி தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் நடக்கிறான். அவன் சேர்க்கும் பாலை ஆசிட் விட்டு உறைய வைக்கிறார்கள். உறைந்த கட்டி இரும்பு உருளைகளுக்கு இடையே சென்று ஷீட்டாக வெளியே வருகிறது, புகைப்புரையில் தொங்குகிறது, டயராகி நாடெங்கும் ஓடுகிறது.

அந்த உருளைகளைச் சற்று உற்றுப் பாருங்கள். இரண்டும் எதிரெதிராகச் சுழன்று, இடையில் அகப்பட்டதை உள்ளே இழுப்பவை. ரப்பரை இழுக்கும் உருளை விரலையும் இழுக்கும். கையும் ஈரம், தரையும் ஈரம், கட்டியோ வழுக்கும். மோட்டாரில் ஓடும் உருளையில் விரல் நுனி சிக்கினால், சுவிட்சைத் தேடுவதற்குள் கையே போய்விடும்.

உடனே முதலாளி தரப்பில் ஒரு சொல் கிளம்பும்: "தொழிலாளியின் கவனக்குறைவு!"

நாம் கேட்கிறோம்: நாள் முழுதும் ஒரே வேலையைச் செய்யும் மனிதனுக்கு ஒரு கணம் கூட கவனம் சிதறாதா? சிதறும் என்பதை அறிந்துதானே இயந்திரத்துக்குக் காப்பு வைக்கச் சொல்கிறார்கள்?

சட்டமும் இந்தச் சொல்லை ஏற்கவில்லை. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம், முதலாளி தப்பிக்க மூன்று காரணங்களையே அனுமதித்தது. ஒன்று போதை, இரண்டு, பாதுகாப்பு உத்தரவை வேண்டுமென்றே மீறியது, மூன்று, காப்பை வேண்டுமென்றே கழற்றியது. மரணம் நேர்ந்தால் அவையும் செல்லாது. கவனக்குறைவு என்ற சொல் அந்தப் பட்டியலில் இல்லை. 2020-இன் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பும் இதே வழியில்தான் செல்கிறது. தோழர்கள் இதை மனத்தில் பதித்துக் கொள்ளவேண்டும். ஏதுமறியாத குடும்பத்தாரிடம் "தவறு எங்களுடையது" என்று கையெழுத்து வாங்க வருவோர் உண்டு!

நஷ்டஈடு கிடைத்தால் மட்டும் போதுமா? கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் நூற்றுக்கு 30 போயிற்று என்று அந்தச் சட்டத்தின் அட்டவணை கணக்கிட்டது. கட்டைவிரல் இல்லாமல் பால்வெட்டும் கத்தியை எப்படிப் பிடிப்பது? அவனுக்கு அது நூற்றுக்கு நூறு அல்லவா? ஆகவே, கை போனபின் காசு என்பதைவிட, கை போகாமல் காப்பதே முதல் கோரிக்கை.

அந்தக் காப்பு யாருக்கு? 1881-இல் வந்த முதல் தொழிற்சாலைச் சட்டம் 100 பேர் வேலை செய்யும் இடத்தையே தொழிற்சாலை என்றது. 1891-இல் அது 50 ஆயிற்று; 1922-இல் 20; 1948-இல், மின்சாரம் போன்ற விசையால் இயங்கும் இடத்துக்கு 10. படிப்படியாகப் பாதுகாப்பு சிறிய கூடங்களை எட்டி வந்தது. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த புதிய தொகுப்போ அதை மீண்டும் 20 ஆக்கிவிட்டது. பத்துப் பேர் உள்ள இடத்துக்குப் பொதுக் கடமைகள் உண்டு; தொழிற்சாலை என்ற பெயரும், அதற்கென வகுத்த தனி விதிகளும் இல்லை. 1922-க்கே திரும்பினோம்! இரண்டு மூன்று பேர் ஷீட் அடிக்கும் கொட்டகையோ அன்றும் கணக்கில் இல்லை, இன்றும் இல்லை.

உருளை தலைகளை எண்ணிப் பார்த்தா கையை இழுக்கிறது?

நமது கோரிக்கை எளியது. உருளையின் வாய்க்குக் காப்பு வேண்டும். பல்சக்கரத்துக்கு மூடி வேண்டும். நிற்கும் இடத்திலேயே தட்டினால் இயந்திரம் நிற்கும் கம்பி வேண்டும். ஓடும் இயந்திரத்தைக் கழுவச் சொல்லக்கூடாது. காப்பில்லாத இயந்திரத்தை விற்கவே கூடாது. கூடத்தில் இருவர் இருந்தாலும் இருநூறு பேர் இருந்தாலும் இதுவே விதியாகவேண்டும்.

தோழர்களே, நாளை வேலைக்குப் போனதும் உங்கள் இயந்திரத்தைப் பாருங்கள். காப்பு இல்லையென்றால் சங்கத்தில் சொல்லுங்கள், எழுதிக் கொடுங்கள். விரல் இருக்கும்போதே எழுதுங்கள்!