மேடை யாருக்கு?

மும்பைத் தமிழர்க்குக் கலைப் பஞ்சம் இல்லை என்று நாம் பெருமை பேசுகிறோம். 1963-இல் எழுந்து, 1990-இல் தீக்கிரையாகி, மீண்டும் நிமிர்ந்து நிற்கும் சண்முகானந்தா அரங்கைச் சான்று காட்டுகிறோம். தக்க பெருமையே, மறுப்பார் இலர். ஆயின், அவ்வரங்கின் அருகிலேயே தாராவி இருக்கிறது. தைத் திங்களில் அங்குத் தொண்ணூறு அடிச் சாலையில் நம் பெண்கள் வரிசையாக அடுப்பு மூட்டிப் பொங்கலிடுகின்றனர். அரங்கில் நிகழ்ந்தால் கலை, தெருவில் நிகழ்ந்தால் வெறுங்கூட்டம் என்று பிரித்தவர் யார்? நாமேயன்றோ!

நம் ஆண்டு விழாக்களையே பாருங்கள். சென்னையிலிருந்து விமானத்தில் வரும் நடிகருக்கு நடு மாலை முழுவதும். நம் பிள்ளைகளின் நாடகத்திற்கோ, நாற்காலிகள் நிரம்பாத முதற் பத்து நிமிடம். தோல் பதனிடும் தொழிலுக்கென நெல்லைச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்தோர் வழியினரில் வில்லுப்பாட்டு அறிந்தோர் உளரா என்று நாம் கேட்டதேனும் உண்டா?

தமிழ் வசனத்தை ஆங்கில எழுத்தில் எழுதி மனனம் செய்துவரும் குழந்தையைக் கண்டு நகைக்கிறோம். பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும் மராத்தியும் பயிலும் அக்குழந்தை பலர் முன்னே தமிழ் பேச வாய்க்கும் ஒரே இடம் அம்மேடை என்பதை மறந்தோம்.

விருந்தினர் வேண்டா என்பது நம் கருத்தன்று. விருந்தினர்க்கு இலை போடும் வீட்டில் பிள்ளைகள் பசித்திருத்தல் தகாது என்கிறோம். அடுத்த விழாவில் நடு மாலையை நம் பிள்ளைகளுக்கும், ஒரு நாளைத் தாராவிக்கும் வழங்குவோம். இல்லையேல், பெயர்ப்பலகையில் தமிழ் இருக்கும். அதனைப் படிக்கப் பிள்ளைகள் இரார்.