கேமராவின் முன் சாட்சி: யார் தயார்ப்படுத்துவது?

2022 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்ற அமர்வின் முன் ஓர் இளம்பெண் நிறுத்தப்பட்டார். திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலின் கண்காணிப்புக் கேமராப் பதிவு அவருக்கு ஓட்டிக் காட்டப்பட்டது. அதில் தெரியும் பெண் தான் அல்ல என்றார் அவர். ஓமலூரைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ், 2015 ஜூன் 23 அன்று அக்கோயிலிலிருந்து கடத்திக் கொல்லப்பட்ட வழக்கின் முக்கியச் சாட்சி அவர். குற்றவியல் நடுவரிடம் முன்பு அளித்திருந்த வாக்குமூலத்திலிருந்து விசாரணையின்போது விலகியவர். அவர்மீது நீதிமன்ற அவமதிப்பு நடவடிக்கை தொடங்கப்பட்டது. பதிவைத் தாங்களே சோதிக்க விரும்பிய நீதிபதிகள் இருவரும் 2023 ஜனவரியில் கோயிலுக்கே நேரில் சென்றனர். அவ்வாண்டு ஜூனில் வந்த தீர்ப்பு, முதன்மைக் குற்றவாளி யுவராஜ் உள்ளிட்டோரின் தண்டனையை உறுதிசெய்தது. சாட்சி விலகிய பின்னும் வழக்கைத் தாங்கி நின்றவற்றுள் முக்கியமானது அந்தக் கேமராப் பதிவு.

அப்பெண் ஏன் விலகினார் என்பதை நான் ஊகிக்கப் போவதில்லை. சாதி, அச்சம், ஊர் ஆகிய மூன்றும் சூழ்ந்த ஒருவரை நீதிமன்றம் தண்டனை அச்சத்தால் மட்டுமே எதிர்கொள்ள வேண்டியிருந்தது என்பதே என் கவலை. அவர் கூண்டேறும் நாளுக்கு முன் அவருக்கு என்ன செய்யப்பட்டது என்ற கேள்வியை நாம் கேட்பதே இல்லை.

இனி அக்கேள்வியைத் தவிர்க்க முடியாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, காவல்துறை பெறும் வாக்குமூலத்தையும் நடுவர் பெறும் வாக்குமூலத்தையும் ஒலி-ஒளிப் பதிவாகக் கொள்ள இடம் தருகிறது. பத்தாண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றங்களில், காவல்துறை அழைத்து வரும் சாட்சியின் வாக்குமூலத்தை நடுவர் பதிவுசெய்தே ஆக வேண்டும். காணொலி வழிச் சாட்சியம் செல்லும் என்று பிரஃபுல் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2003-லேயே கூறிவிட்டது. கோயில் வாசலில் இருந்த கேமரா இப்போது சாட்சியின் முகத்துக்கு நேரே வந்து நிற்கிறது.

ஜலகண்டாபுரத்தில் விசைத்தறி ஓட்டும் ஒருவரை அந்தக் கேமராவின் முன் உட்கார வைத்துப் பாருங்கள். எங்கள் பக்கத்தில் பெரியவர் ஒருவர் பேசும்போது இடையிடையே “ஆமாங்க”, “சரிங்க” என்பது மரியாதை. ‘கேட்டுக்கொண்டிருக்கிறேன்’ என்பதே அதன் பொருள், ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்பதன்று. குறுக்கு விசாரணையில் வழக்கறிஞர் ஒரு நீண்ட கேள்வியை அடுக்கிக்கொண்டே போகும்போது சாட்சி மூன்று முறை “ஆமாங்க” என்றால், எழுத்தில் அது மூன்று ஒப்புதல்களாகிவிடும். நேரத்தைக் கடிகாரத்தால் அன்றி ஷிப்டு மாறியதால், பஸ் வந்ததால் சொல்பவர் அவர். அதிகாரியின் கண்ணைப் பார்த்துப் பேசாததும் பணிவே. திரையிலோ அது மறைப்பவரின் பார்வையாகத் தெரியும். எழுத்தாளர் தட்டச்சு செய்யும் பழைய சாட்சியத்தில் இவையெல்லாம் மறைந்துபோயின. பதிவில் ஒவ்வொரு தயக்கமும் தங்கிவிடும். மீண்டும் மீண்டும் ஓட்டப்படும். தறிச் சத்தத்திலேயே வாழ்ந்ததால் காது மந்தமாகி, கேள்வி விளங்காமல் தலையாட்டும் பெரியவர்களும் உண்டு.

ஓமலூர், மேட்டூர் நீதிமன்றங்களுக்குப் போய்வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: இன்று சாட்சியைத் தயார்ப்படுத்தும் இடம் நீதிமன்றத் தாழ்வாரம். நீதிமன்றப் பணிக் காவலர் பழைய வாக்குமூலத்தை வாசித்துக் காட்டுவார். “இதுல இருக்கிறதையே சொல்லுங்க” என்பார். அரசு வழக்கறிஞருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். எதிர்த்தரப்புக்கு ஊரில் பல மாதங்கள் இருக்கின்றன. இந்தத் தாழ்வாரப் பாடத்தைத்தான் உண்மையில் சொல்லிக்கொடுத்தல் என்று அழைக்க வேண்டும்; அதை யாரும் அப்படி அழைப்பதில்லை.

அமெரிக்காவில் உரிமையியல் வழக்குக்கு முந்தைய காணொலி வாக்குமூலத்துக்குச் சாட்சியைப் பழக்குவதே ஒரு தனித் தொழில். அத்தனை வழக்கறிஞர்கள் சூழ இருந்தும், மைக்ரோசாஃப்ட் வழக்கில் 1998-இல் பில் கேட்ஸ் அளித்த காணொலி வாக்குமூலம் அந்நிறுவனத்துக்குப் பெருத்த சங்கடமாயிற்று. சாதாரணச் சொற்களின் பொருளையே அவர் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்ததை நீதிமன்றமே திரையில் பார்த்தது. இங்கிலாந்து வேறு வழியில் சென்றது. 2005-ஆம் ஆண்டின் மொமோடு தீர்ப்பு, குற்ற வழக்கில் சாட்சிக்குப் பதில்களைப் பயிற்றுவிப்பதைத் தடுத்தது. நீதிமன்ற நடைமுறையைப் பழக்கப்படுத்துவதை அனுமதித்தது. வழக்கின் உண்மைகளைப் பற்றிப் பேசாமல், வழக்கோடு தொடர்பில்லாதவர்களே அதைச் செய்ய வேண்டும் என்பது அதன் போக்கு. நமக்குப் பொருந்துவது இதுவே என்பது என் கருத்து.

அடித்தளம் இங்கும் இருக்கிறது. சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தை 2018-இல் மகேந்தர் சாவ்லா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. எளிதில் பாதிக்கப்படக்கூடிய சாட்சிகளுக்கான மையங்களை மாவட்டந்தோறும் அமைக்க 2022 ஜனவரியில் உத்தரவிட்டது. ஆனால் தனி அறையும் திரையும் கேமராவும் மட்டும் போதா. கேள்வி புரியவில்லை என்று சொல்லலாம், ‘தெரியாது’ என்பதும் பதிலே, “ஆமாங்க” என்று சொல்லுமுன் கேள்வி முடியட்டும் என்று யாரேனும் ஒருவர் சொல்ல வேண்டும். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக் குழு அவரை நியமிக்கலாம். சந்திப்பு நடந்த நாளும் பேசிய பொருளும் பதிவில் இடம்பெற்று, எதிர்த்தரப்புக்கும் தரப்பட வேண்டும்.

இது அரசுத் தரப்புக்குச் சாதகமாகிவிடும் என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கள் சிலர் வாதிடுவார்கள். பதிவு அவர்களுக்கும் ஆயுதம்தான்: காவலர் சொன்னதைச் சாட்சி திருப்பிச் சொன்னாரா, தானாகச் சொன்னாரா என்பதை முதன்முறையாக நீதிபதி கண்ணால் பார்க்க முடியும். அதனால்தான் சட்டத்தில் ‘செய்யலாம்’ என்றிருக்கும் காவல்துறைப் பதிவு, கொடுங்குற்றங்களிலாவது ‘செய்ய வேண்டும்’ என்றாக வேண்டும்.

இன்னொரு சிறு செலவும் உண்டு. பழக்கப்படுத்தலுக்காக ஜலகண்டாபுரத்திலிருந்து ஒரு நாள் கூடுதலாகச் சேலம் போய்வர, தறிக்காரர் ஒரு ஷிப்டுக் கூலியை இழக்க வேண்டும். சாட்சிப் படி அந்த நாளுக்கும் வழங்கப்பட்டால்தான் அவர் வருவார்.