தோலுக்குள் ஒரு மருந்தகம்

காலையில் வீட்டை விட்டுக் கிளம்பியதும் மின்தூக்கிப் பொத்தானை அழுத்துகிறோம். எம்ஆர்டியில் கம்பியைப் பிடிக்கிறோம். காப்பிக் கடை மேசையில் கையை ஊன்றுகிறோம். அலுவலகம் போய்ச் சேர்வதற்குள் எத்தனையோ கிருமிகள் நம் மேல் ஏறிவிடுகின்றன. ஆனாலும் பெரும்பாலான நாள்களில் நமக்கு ஒன்றும் ஆவதில்லை. தோல் ஒரு கெட்டியான போர்வை, கிருமியை உள்ளே விடாது என்று பள்ளியில் படித்திருப்போம். அது பாதிக் கதைதான். மீதிக் கதை ஒரு தவளையிடம் இருக்கிறது.

அமெரிக்கத் தேசியச் சுகாதாரக் கழகத்தில் வேலை செய்த மைக்கேல் ஸாஸ்லாஃப், ஆய்வுக்கு முட்டை எடுப்பதற்காக ஆப்பிரிக்கத் தவளைகளுக்கு அறுவை சிகிச்சை செய்துவந்தார். வயிற்றைத் தைத்து மறுபடியும் தொட்டியில் விட்டுவிடுவார். தொட்டித் தண்ணீரில் கிருமிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் புண் சீழ் பிடிக்காமல் ஆறிவிடும். காரணத்தைத் தேடியபோது, தவளையின் தோலே கிருமிகளைக் கொல்லும் சின்னஞ்சிறு மூலக்கூறுகளைச் சுரப்பது தெரிந்தது. 1987ல் அவற்றுக்கு ‘மகைனின்’ என்று பெயர் வைத்தார். ‘கேடயம்’ என்று பொருள் தரும் எபிரேயச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது.

நம் தோலும் இதே வேலையைச் செய்கிறது. புரதத்தின் சிறு துண்டுகள் போன்ற இந்த மூலக்கூறுகளைப் பெப்டைடுகள் என்பார்கள். ‘டிஃபென்சின்’ ஒரு வகை. ‘எல்எல்-37’ இன்னொன்று, அதில் இருப்பவை வெறும் 37 அமினோ அமிலங்கள். 2001ல் ஜெர்மனியின் டியூபிங்கன் ஆய்வாளர்கள் நம் வியர்வையிலேயே ‘டெர்ம்சிடின்’ என்ற ஒன்றைக் கண்டுபிடித்தார்கள்.

இவை எப்படித் தாக்குகின்றன? பாக்டீரியாவின் மேலுறையில் எதிர் மின்னூட்டம் அதிகம். எல்எல்-37 போன்றவற்றில் இருப்பது நேர் மின்னூட்டம். காந்தம்போல் ஓடிப்போய் ஒட்டி, உறையைக் குலைத்து ஓட்டை போடும். நம் உயிரணுக்களின் வெளிப்பக்கத்தில் அந்த அளவு மின்னூட்டம் இல்லாததால் அவை பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. சண்டை பெரிதானால், இதே பெப்டைடுகள் நோய் எதிர்ப்பு அணுக்களையும் துணைக்கு அழைக்கும்.

இந்த மருந்தகத்தில் சரக்கு குறைந்தால் என்ன ஆகும்? எக்ஸிமா எனப்படும் கரப்பான் உள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கு அது நன்றாகத் தெரியும். சொறிந்த இடம் சீக்கிரம் சீழ் பிடிக்கும். சொரியாசிஸ் உள்ளவர்களுக்கும் தோல் வெடிக்கிறது, ஆனால் அவர்களுக்கு அப்படித் தொற்று வருவது அரிது. ஏன் இந்த வித்தியாசம்? 2002ல் வெளிவந்த ஓர் ஆய்வு விடை சொன்னது: சொரியாசிஸ் தோலில் எல்எல்-37, டிஃபென்சின் இரண்டும் ஏராளம், கரப்பான் தோலில் மிகக் குறைவு. கரப்பானில் ஏற்படும் ஒவ்வாமை வகை அழற்சியே அவற்றின் உற்பத்தியை அமுக்கிவிடுகிறது.

ஆகவே புண் சீழ் பிடிப்பதைப் பார்த்து, “பிள்ளையை ஒழுங்காகக் குளிப்பாட்டுவதில்லையா?” என்று அம்மாவைக் கேட்பது நியாயமில்லை. அந்தப் பேச்சுக்குப் பயந்து கிருமிநாசினிச் சவர்க்காரத்தைப் போட்டுத் தேய்த்தால் நிலைமை மோசமாகும். ஆரோக்கியமான தோல் லேசான அமிலத் தன்மை உடையது. பிஎச் அளவு ஏறத்தாழ 5. வழக்கமான கட்டிச் சவர்க்காரத்தின் அளவு 9, 10 வரை போகும். அடிக்கடி தேய்த்தால் தோலின் எண்ணெய்ப் பசை போய், தடுப்புச்சுவர் இன்னும் பலவீனமாகும்.

வாசனை சேர்க்காத மென்மையான குளியல் திரவம், வெதுவெதுப்பான தண்ணீர், ஐந்து பத்து நிமிடக் குளியல் போதும். துண்டால் ஒற்றியெடுத்து, ஈரம் காயும் முன் ஈரப்பசைக் களிம்பு தடவுங்கள். வியர்வையில் மருந்து இருக்கிறது என்று அதை அப்படியே காயவிட வேண்டாம். கரப்பான் தோலுக்கு அது அரிப்பைக் கூட்டும். விளையாடி வந்ததும் தண்ணீரில் அலசினால் நல்லது. மஞ்சள் நிறப் பொருக்கு, சீழ், காய்ச்சல் தெரிந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கரப்பான் தொட்டால் ஒட்டிக்கொள்ளும் நோயல்ல. அந்தப் பிள்ளையின் பக்கத்தில் உங்கள் பிள்ளை தாராளமாக உட்காரலாம்.