கவர் ஆல்பம் கைவறட்சி அல்ல

சுபாங் ஜெயாவில் படுக்கையறையையே ஸ்டூடியோவாக்கிக்கொண்ட ஓர் இளைஞர், பத்துப் பழைய பாடல்களை எடுத்து, பாட்டுக்கு ஒரு பாடகரை அழைத்து கவர் ஆல்பம் போடப்போவதாகச் சொல்லட்டும். "சொந்தச் சரக்கு இல்லையா?" என்ற கேள்விதான் முதலில் வரும். பிரிக்ஃபீல்ட்ஸ் முதல் கிள்ளான் வரை நம் மலேசியத் தமிழிசை வட்டாரத்தில் இது கேள்வியாகக்கூட இல்லை, தீர்ப்பாகவே ஆகிவிட்டது. அதற்குச் சொல்லப்படும் காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் காரணம்: மெட்டும் வரியும் தயாராக இருக்கும்போது தயாரிப்பாளருக்கு என்ன வேலை?

மார்க் ரான்சன் என்ற தயாரிப்பாளர் 2007இல் வெளியிட்ட 'வெர்ஷன்' முழுக்க இப்படிப்பட்ட ஆல்பம்தான். அதில் வரும் 'வேலரி', லிவர்பூலைச் சேர்ந்த சூட்டன்ஸ் குழு முந்தைய ஆண்டு ஆண் குரலில் பாடிய கிதார் ராக் பாட்டு. ரான்சன் அதை ஏமி வைன்ஹவுஸிடம் கொடுத்தார். அறுபதுகளின் மோட்டவுன் பாணியில் துள்ளும் தாளத்தைப் போட்டு, ஊதுகருவிகளைச் சேர்த்தார். பெயரை மாற்றாமல் ஒரு பெண் இன்னொரு பெண்ணை நினைத்துப் பாடுகிறாள்; பாட்டின் ஏக்கமே வேறு நிறம் கொள்கிறது. பிரிட்டன் பட்டியலில் மூலப் பாட்டு 9ஆம் இடம் வரை போனது. இது 2ஆம் இடத்தைப் பிடித்தது. மெட்டு அதேதான். மாறியவை அனைத்தும் தயாரிப்பாளரின் உழைப்பு.

இரண்டாவது: மூலப் பாட்டில் கைவைப்பது அவமரியாதை.

அப்படியானால் 'சின்னஞ்சிறு கிளியே'யை என்ன செய்வது? பாரதியார் அந்தப் பாட்டுக்குப் பைரவி ராகம், ரூபக தாளம் என்று தாமே குறித்துவைத்தார். இன்று நம் காதில் ஒலிப்பது அதுவல்ல. 1951இல் 'மணமகள்' படத்துக்காக சி.ஆர்.சுப்பராமன் அமைத்து, எம்.எல்.வசந்தகுமாரியும் வி.என்.சுந்தரமும் பாடிய, காபியில் தொடங்கும் ராகமாலிகை. கவிஞரே வகுத்த ராகத்தை இன்னொருவர் மாற்றினார். அதனால் பாரதிக்கு இழுக்கு வரவில்லை; பாட்டு வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்தது. மரியாதை என்பது பாட்டைப் பூட்டிவைப்பதில் இல்லை.

மூன்றாவது: பாடத் தெரியாதவர் அடுத்தவர் குரலில் குளிர்காய்கிறார்.

இப்படிப் பார்த்தால் நம் திரையிசையையே தள்ளுபடி செய்ய வேண்டும். எம்.எஸ்.விஸ்வநாதன் பி.சுசீலாவையும் டி.எம்.எஸ்.ஸையும் பாடவைத்தார், அந்தப் பாடல்களை அவருடையவை என்று சொல்ல நாம் தயங்கியதில்லை. எந்தப் பாட்டுக்கு எந்தக் குரல் என்று முடிவெடுப்பதே இசையமைப்பின் பாதி. ஆண் குரலுக்கு அமைந்த பாட்டைப் பெண் குரலுக்குக் கொடுத்தால் சுருதி மாறும். சுருதி மாறினால் முன்பு கணீரென்று ஒலித்த வயலின் கீச்சிடலாம், பேஸ் கிதார் அடியில் அமுங்கலாம். எல்லாவற்றையும் மறுபடி எழுதத்தான் வேண்டும். பாடுபவருக்கும் இதில் ஆதாயம் உண்டு. யாரும் கேள்விப்படாத உள்ளூர்க் குரலை, எல்லோருக்கும் தெரிந்த பாட்டின் வழியாக மக்கள் உட்கார்ந்து கேட்பார்கள்.

நான்காவது: கவர் பெருகினால் மலேசியத் தமிழிசை வளராது.

நம் வரலாறு இதற்கு நேர் எதிராக இருக்கிறது. 'மடை திறந்து' 1980இல் 'நிழல்கள்' படத்துக்காக இளையராஜா இசையில் வாலி எழுதி, எஸ்.பி.பாலசுப்ரமணியம் பாடியது. இசையமைப்பாளராகத் துடிக்கும் ஓர் இளைஞனின் பாட்டு. 2006இல் யோகி பி – நட்சத்திரா குழு 'வல்லவன்' ஆல்பத்தில் அந்தப் பல்லவியை வைத்துக்கொண்டு, இடையிடையே தங்கள் தமிழ் ராப்பைக் கொட்டியது. கறாராகப் பார்த்தால் அது கவர் அல்ல, மறுவார்ப்பு. ஆனால் மலேசியத் தமிழ் ராப்பைத் தமிழ்நாட்டு ரசிகர்களிடம் கொண்டுசேர்த்தது அந்தப் பாட்டுதான். அதே யோகி பி 2017இல் 'விவேகம்' படத்தின் 'சர்வைவா' என்ற புதுப் பாட்டில் ஒலித்தார். பழைய பாட்டு அவருடைய சொந்தக் குரலை விழுங்கிவிடவில்லை. அதற்கு வாசல் திறந்தது.

எதிர்த்தரப்பு சொல்வதில் ஒன்று மட்டும் முழுக்க நியாயம். அனுமதி வாங்காமல், எழுதியவர் பெயரும் இசையமைத்தவர் பெயரும் போடாமல், அவர்களுக்குச் சேர வேண்டியதைக் கொடுக்காமல் செய்தால் அது திருட்டு. ஆனால் அது செய்பவரின் குற்றம், கலைவடிவத்தின் குற்றமல்ல. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 31சி பிரிவில் கவர் பதிவுக்கென்றே நிபந்தனைகளோடு வழி வைத்திருக்கிறது. மலேசியாவில் பாடலாசிரியர், இசையமைப்பாளர் உரிமைகளைக் கவனிக்கவே எம்.ஏ.சி.பி. அமைப்பு 1989இல் தொடங்கப்பட்டது. முறையாகச் செய்தால், ஒவ்வொரு கவரும் மூலப் படைப்பாளிக்கு இன்னொரு வருமானம்.

ஆகவே நம் வானொலி நிலையங்களுக்கும் விருதுக் குழுக்களுக்கும் ரசிகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கவர் ஆல்பம் என்றதும் ஒதுக்காதீர்கள். மூலப் படைப்பாளிக்குப் பெயரும் பணமும் போய்ச் சேர்ந்ததா, பழகிய பாட்டில் இதுவரை கேட்காத ஒன்று கேட்கிறதா என்று பாருங்கள். இரண்டுக்கும் ஆம் என்றால், அதுவும் சொந்தப் படைப்புதான்.