கடப்பா கல்லும் சைக்கிள் டியூபும்

இசைத்தட்டுக்கு மறுபடியும் மவுசு வந்திருக்கிறது. பழைய எல்பி ஒன்றுக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கத் தயங்காதவர்கள் இருக்கிறார்கள். அப்புறம் டர்ன்டேபிள், கார்ட்ரிட்ஜ், ஆம்ப்ளிஃபையர் என்று செலவு நீண்டுகொண்டே போகும். எல்லாம் வாங்கியானதும் ஹாலில் உள்ள டிவி ஷெல்ஃபில், இரண்டு ஸ்பீக்கர்களுக்கு நடுவே பிளேயரை வைத்துவிடுவார்கள். இடம் அங்கேதானே இருக்கிறது! சத்தத்தைக் கூட்டினால் மிருதங்கத்தின் தொப்பி குழைகிறது. இன்னும் கூட்டினால் 'ஊ' என்று ஓர் ஊளை. பழி ரெக்கார்டின் மேல் விழுகிறது. பெரும்பாலும் குற்றவாளி ரெக்கார்டு அல்ல, அது உட்கார்ந்திருக்கும் பலகைதான்.

முள் செய்யும் வேலை எவ்வளவு நுணுக்கமானது என்று தெரிந்தால் இது விளங்கும். வினாடிக்கு 1000 முறை அதிரும் ஒரு ஸ்வரம் ஓரளவு உரக்கப் பதிவாகியிருந்தால், பள்ளத்துக்குள் முள் பக்கவாட்டில் விலகும் தூரம் சுமார் 8 மைக்ரோமீட்டர். தலைமுடித் தடிமனில் பத்தில் ஒரு பங்கு. அதைவிட நூறு மடங்கு மெலிந்த ஒலி என்றால் 0.08 மைக்ரோமீட்டர். கதவை அறைந்து சாத்தினால் ஷெல்ஃப் இதைவிடப் பல மடங்கு ஆடும். பள்ளம் ஆடுகிறதா, பலகை ஆடுகிறதா என்று முள்ளுக்குத் தெரியாது.

போதாக்குறைக்கு, ஆம்ப்ளிஃபையரும் இந்த ஆட்டத்துக்குத் துணை போகிறது. தட்டில் பாஸை முழு அளவில் வெட்டினால் பள்ளம் அகன்று பக்கத்துப் பள்ளத்தை இடித்துவிடும் என்பதால் குறைத்தே வெட்டுவார்கள். கேட்கும்போது ஃபோனோ சர்க்யூட் அதைத் திரும்பக் கூட்டுகிறது. 1950-களில் அமெரிக்காவில் நிலைபெற்ற ஆர்ஐஏஏ அளவுகோலின்படி, 1000 ஹெர்ட்ஸ் ஒலிக்குக் கிடைப்பதைப் போல 20 ஹெர்ட்ஸ் ஒலிக்குச் சுமார் 9 மடங்கு பெருக்கம் கிடைக்கும். காலடி, கதவு, வாசலில் போகும் லாரி எல்லாமே இந்தக் கீழ்க்கட்டைக்காரர்கள்தான்.

இதற்கு அழகான விடை கண்டவர் எட்கர் வில்சர். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கேம்பிரிட்ஜ் நகரில் இருந்த அக்கூஸ்டிக் ரிசர்ச் நிறுவனம் 1961-ல் வெளியிட்ட ஏஆர் டர்ன்டேபிளில், தட்டுச் சுழலும் மேடையையும் முள் பிடிக்கும் கையையும் ஒரே உலோகச் சட்டத்தில் பூட்டி, அந்தச் சட்டத்தை மூன்று ஸ்பிரிங்குகளில் தொங்கவிட்டார். மோட்டார் வெளியே, மேல்தகட்டோடு. இரண்டுக்கும் உறவு ஒரு ரப்பர் பெல்ட் மட்டுமே. பெட்டியைத் தட்டினாலும் முள் தாவாது என்பதே அந்த இயந்திரத்தின் பெயரைப் பரப்பியது. விலை 100 டாலருக்கும் குறைவு! ஸ்காட்லாந்தின் லின் எல்பி12 உட்பட, பின்னால் வந்த பல விலையுயர்ந்த பிளேயர்களிலும் இந்த ஸ்பிரிங் ஏற்பாட்டின் சாயல் உண்டு. இங்கிலாந்தின் ரேகா நிறுவனம் ஸ்பிரிங்கே வேண்டாம், எடை குறைந்த விறைப்பான பலகை போதும் என்று எதிர்த்திசையில் போனது. அவர்களும் பிளேயரைச் சுவரில் மாட்ட ஒரு தாங்கி விற்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஸ்பிரிங்குக்குப் பின்னால் இருக்கும் கணக்கு பள்ளிக்கூட இயற்பியல்தான். எடை ஏறியதும் ஸ்பிரிங் 1 சென்டிமீட்டர் அமுங்கினால் அதன் இயல்பு அதிர்வு வினாடிக்கு 5. நான்கு சென்டிமீட்டர் அமுங்கினால் இரண்டரை. அந்த எண்ணைப் போல சுமார் 1.4 மடங்குக்கு மேற்பட்ட அதிர்வுகளைத்தான் அது தடுக்கும். தன் இயல்பு அதிர்வுக்கு அருகில் வருவதைத் தடுக்காது, பெருக்கிவிடும். ஒரு மில்லிமீட்டர் மட்டும் அமுங்கும் கெட்டி ரப்பர் கால் 16 ஹெர்ட்ஸுக்கு அருகில் நிற்கிறது, ஆகவே 22 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதனால் பயனில்லை. முள் பிடிக்கும் கைக்கும் சொந்த அதிர்வு உண்டு. அது 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள் இருப்பது நல்லது என்பார்கள். தாங்கியும் அதே இடத்தில் வந்து நின்றால், இல்லாத தொல்லையை விலை கொடுத்து வாங்கியதாக ஆகும்.

ஆகவே, எவ்வளவு அமுங்கும், எவ்வளவு எடைக்கு என்று சொல்லாமல் விற்கப்படும் எந்தத் தாங்கியையும் நம்ப வேண்டியதில்லை. பித்தளைக் கூம்புகள் அதிர்வை 'வடித்துவிடும்' என்கிறார்கள். கூர்முனை, பிளேயரைப் பலகையோடு இறுக்கிப் பிணைக்கிறது, அவ்வளவே. கீழே இறங்கும் வழி இருந்தால் மேலே ஏறும் வழியும் அதுதான்.

இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும். மேல்நாட்டு ஆலோசனைகளில் பெரும்பகுதி மரத்தளம் போட்ட வீடுகளுக்கானவை. அங்கே ஒருவர் நடந்தால் அறையே ஆடும். நம்மூர் கான்கிரீட் தளத்தில், மொசைக்கோ டைல்ஸோ போட்ட வீட்டில், காலடி அத்தனை பெரிய எதிரி அல்ல. ஒரே பலகையில் பிளேயரோடு குடித்தனம் நடத்தும் ஸ்பீக்கர்தான் எதிரி.

சோதித்துப் பார்ப்பது எளிது. தட்டைச் சுழலவிடாமல் முள்ளை அதன்மேல் இறக்கி, சத்தத்தை மெல்லக் கூட்டி, ஷெல்ஃபை விரலால் தட்டினால் 'டொம்' என்று ஸ்பீக்கரில் கேட்கும். கணினியில் பதிவுசெய்து, ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் பார்த்தால் எந்த ஹெர்ட்ஸில் எவ்வளவு என்பதும் தெரிந்துவிடும். அதன்பிறகு பிளேயருக்கு அடியில் ஒரு கடப்பா கல், கல்லுக்கு அடியில் பாதிக் காற்றடித்த சின்ன சைக்கிள் டியூப். கல்லை லேசாக அழுத்திவிட்டு, பத்து வினாடியில் எத்தனை முறை ஆடுகிறது என்று ஃபோனில் படம் பிடித்து எண்ணலாம். முப்பது என்றால் 3 ஹெர்ட்ஸ், அருமை. டியூப் இல்லாமல் கல்லை மட்டும் வைத்தால் எடை கூடும், தடுப்பு வராது. டியூபில் காற்று இறங்கும், ஒரு பக்கம் சாயும், ரசமட்டம் வைத்து அடிக்கடி சரிபார்க்க வேண்டும். அந்தத் தொந்தரவு வேண்டாம் என்பவர்களுக்குச் சுவரில் அடித்த உறுதியான ஷெல்ஃப் போதும். மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒரே அளவு சத்தத்தில், ஒரே இடத்தில் தட்டிப் பதிவுசெய்து ஒப்பிடுவது அவசியம். காசு போட்டு வாங்கியதில் குறை காண காது கூச்சப்படும்.

புது கார்ட்ரிட்ஜுக்குப் பணம் எடுத்து வைத்திருப்பவர்கள், கடைக்குக் கிளம்பும் முன், ஸ்பீக்கரை அந்த ஷெல்ஃபிலிருந்து இறக்கி வேறு ஸ்டூலில் வைத்து, அதே பாட்டை ஒருமுறை போட்டுக் கேட்கட்டும். அதற்குக் காலணா செலவு கிடையாது.