செத்த ஓவியம் என்று யார் சொன்னது?

அருங்காட்சியகச் சுவரில் ஓவியங்கள் தூங்குகின்றனவாம்; செல்போனை நீட்டினால் எழுந்துகொள்ளுமாம். ஆக்மென்டட் ரியாலிட்டி எனும் மிகைமெய்மைச் செயலிகளை விற்பவர்கள் ஒரே குரலில் சொல்வது இதுதான். செய்தித் தலைப்புகளும் 'உயிர் பெற்ற ஓவியம்' என்று ஒத்து ஊதுகின்றன. அவர்கள் அடுக்கும் காரணங்களைத் தனித்தனியே எடுத்துப் பார்ப்போம்.

ஓவியம் அசையாது, அதனால் அலுக்கும் என்பது முதல் காரணம். ரெம்பிராண்ட் 1633இல் வரைந்த கலிலேயா கடல் புயல் ஓவியத்தில் அலை படகின் முன்பக்கத்தைத் தூக்கியடிக்கிறது. சிலர் பாய்மரத்தோடு மல்லுக்கட்டுகிறார்கள், சிலர் இயேசுவை எழுப்புகிறார்கள், ஒருவர் விளிம்பில் குனிந்து வாந்தி எடுக்கிறார். இயேசுவும் சீடர்கள் பன்னிரண்டு பேரும் போக இன்னொருவரும் படகில் இருக்கிறார். ஒரு கையில் கயிறு, மறு கை தொப்பியில். அவர் மட்டும் நம்மைப் பார்க்கிறார். அது ரெம்பிராண்டின் முகம் என்பார்கள். படகு கவிழுமா, தப்புமா என்று தெரியாமல் நாம் நிற்கிறோம். இதை ஆட வைத்தால் என்ன ஆகும்? சில நொடிகளில் ஆட்டம் முடிந்து முதலிலிருந்து தொடங்கும். படகு ஒருநாளும் கவிழாது என்பது இரண்டாவது சுற்றிலேயே தெரிந்துவிடும். புயலே போயிற்று.

இளைஞர்கள் வருவார்கள் என்பது அடுத்தது. வரட்டும், நல்லதுதான். ஆனால் வந்தவர்கள் எதைப் பார்த்தார்கள் என்றும் கேட்க வேண்டும். 2017இல் டொராண்டோவின் ஒன்டாரியோ கலைக்கூடத்தில் கலைஞர் அலெக்ஸ் மேஹியூ 'ரீபிளிங்க்' என்று ஒன்று செய்தார். போன் வழியே பார்த்தால் பழைய ஓவிய மாந்தர்கள் இந்தக் காலத்து ஆட்களாக மாறிவிடுவார்கள். எனக்கு அது பிடித்தது. நம் காலத்தைக் கிண்டல் செய்யும் புதிய படைப்பு அது. பாராட்டு மேஹியூவுக்கு உரியது, பழைய ஓவியம் பிழைத்துக்கொண்டதாகக் கணக்கெழுத வேண்டியதில்லை.

'ஓவியத்தை யாரும் தொடுவதில்லையே, என்ன கெடுதல்?' என்றும் கேட்கிறார்கள். செயலி கேமரா வழியே ஓவியத்தின் விளிம்புகளையும் புள்ளிகளையும் தேடிப்பிடித்து, தன்னிடம் உள்ள படத்தோடு ஒப்பிட்டு, அதன்மேல் அசைவை ஒட்டுகிறது. அதற்கு ரெம்பிராண்டும் பிஸ்கட் உறையும் ஒன்றுதான். ஆளுயர ஓவியத்தை நேரில் போய் உள்ளங்கை அகலத்தில் பார்ப்பதற்கு வீட்டிலேயே இருந்திருக்கலாம்.

மறுப்பவர்கள் பழமைவாதிகள் என்பதுதான் கடைசி அஸ்திரம். நான் எல்லாவற்றையும் மறுக்கவில்லை. மேலே சொன்ன புயல் ஓவியம் பாஸ்டனின் இசபெல்லா ஸ்டூவர்ட் கார்ட்னர் அருங்காட்சியகத்திலிருந்து 1990 மார்ச் 18 அன்று களவு போனது. போலீஸ் உடையில் வந்த இருவர் 13 பொருட்களை அள்ளிச் சென்றார்கள். இன்றுவரை ஒன்றும் கிடைக்கவில்லை. வெறும் சட்டம் மட்டும் அங்கே தொங்குகிறது. 2018இல் க்யூசியம் என்ற நிறுவனம், போனை நீட்டினால் அந்தச் சட்டத்துக்குள் ஓவியம் தெரியும்படி ஒரு செயலி செய்தது. இதில் எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை. அங்கே பார்ப்பதற்கு வேறு எதுவும் இல்லை.

இதைவிட நேர்த்தியான வேலை ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் நடந்தது. ஓவியர் மார்க் ராத்கோவின் ஐந்து பெரிய படைப்புகளை 1964இல் அங்கே ஓர் உணவுக்கூடத்தில் மாட்டினார்கள். ஜன்னல் வெயிலில் லித்தால் ரெட் என்ற சிவப்பு நிறமி வெளுத்துப்போக, 1979இல் கழற்றிவிட்டார்கள். பழைய புகைப்படங்களையும், மாட்டப்படாமல் தப்பிய ஆறாவது ஓவியத்தையும் வைத்து மூல வண்ணத்தைக் கணக்கிட்டு, எங்கே எவ்வளவு நிறம் போனதோ அங்கே அவ்வளவு ஒளியை புரொஜெக்டரால் ஓவியத்தின் மேலேயே பாய்ச்சினார்கள். 2014இல் தொடங்கிய அந்தக் கண்காட்சிக்குப் போனும் வேண்டாம், மாட்டிக்கொள்ளும் கண்ணாடியும் வேண்டாம். தினமும் மாலை 4 மணிக்கு ஒளியை அணைத்து, வெளுத்த ஓவியத்தையும் மறைக்காமல் காட்டினார்கள். நிறம் போகாத ஓவியத்தின் முன்னால் வைத்திருந்தால் அந்த புரொஜெக்டருக்கு வெறும் விளக்கின் வேலைதான் மிஞ்சியிருக்கும்.