எளிமை ஏழ்மையன்று

எளிய வாழ்வு என்றதும் நம்மில் பலர் முகம் சுளிக்கிறோம். இல்லாதவன் தன் மனத்தைத் தேற்றிக்கொள்ளச் சொல்லும் சொல் என்பர் சிலர். இருப்பவன் இல்லாதவனுக்குச் செய்யும் உபதேசம் என்பர் வேறு சிலர். என் கருத்தில், 'போதும்' என்று சொல்லத் தெரிந்த அறிவே எளிமை. அதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. நம் தூத்துக்குடிக் கடலே போதும்.

கொற்கைக் காலந்தொட்டு முத்துக்குப் பெயர்பெற்றது இக்கடல். ஆயினும் முத்துக்குளிப்பு ஆண்டுதோறும் நடந்த தொழிலன்று. ஆங்கிலேயர் ஆட்சியில், சிப்பி விளையும் பார்களை முன்னதாகவே சோதிப்பார்கள். மாதிரிச் சிப்பிகளை எடுத்து மதிப்பிடுவார்கள். சிப்பி முற்றியிருந்தால்தான் சலாபம் அறிவிக்கப்படும். இளசாக இருந்தால் காத்திருக்க வேண்டியதுதான். சங்குகுளிப்பிலும் உரிய அளவுக்குக் குறைந்த உயிர்ச்சங்கைக் கடலிலேயே விட்டுவிட வேண்டும் என்பது விதி. இவை வருமானத்தைக் கருதி வகுத்த விதிகளே. ஆனாலும், அளவோடு எடுத்தால்தான் நாளையும் எடுக்கலாம் என்னும் உண்மை அவற்றுள் இருந்தது.

1955 முதல் 1961 வரை தொடர்ந்து முத்துக்குளிப்பு நடந்தது. அதன்பின் அத்தகைய பெருஞ்சலாபத்தை இக்கரை கண்டதில்லை. பார்கள் வறண்டமைக்கு ஒரே காரணம் கூறிவிட இயலாது. ஆனால், கடலின் செல்வம் வற்றாதது என்ற எண்ணம் பொய் என்பதை மட்டும் யாரும் மறுக்க முடியாது.

இங்கே ஒன்றை மறந்துவிடக் கூடாது. கல்லில் காலூன்றி, மூச்சடக்கி ஆழத்தில் இறங்கிச் சிப்பி அள்ளியவனுக்கு அன்று கிடைத்த பங்கு மூன்றில் ஒன்று, எஞ்சியது அரசுக்கு. முத்தெடுத்தவன் வீட்டுப் பெண் முத்துமாலை அணிந்தாளா? அவன் வாழ்வை 'எளிமை' என்று போற்றுவது கொடுமை. அது வறுமை. வறுமை பிறர் நம்மீது சுமத்துவது. எளிமை நாமாக ஏற்பது. ஆகவே, எளிமையைப் பேசுகிறவர் வறுமையை ஒழிக்கவும் பேச வேண்டும்.

அளவு மறந்தால் விளைவது என்ன? நம் கடற்கரைக்கு எதிரேயுள்ள தீவுகளைச் சொல்லலாம். சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்குமென்று அவற்றைச் சுற்றியிருந்த பவளப்பாறைகளைப் பல்லாண்டுகள் வெட்டி எடுத்தோம். அரணை இழந்த தீவுகளை அலை அரித்தது. விலாங்குசல்லித் தீவு நீரில் மூழ்கிற்று. வான் தீவு வெகுவாகச் சுருங்கிற்று. இத்தீவுகள் அடங்கிய மன்னார் வளைகுடாப் பகுதி 1986-இல் கடல்வாழ் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. வான் தீவைக் காக்க 2015 முதல் செயற்கைப் பாறைகளைக் கடலில் இறக்கினார்கள். இயற்கை தந்ததை வெட்டிவிட்டு, செயற்கைக்குச் செலவழித்தோம்!

கடலுக்கும் ஓய்வு வேண்டும் என்று இன்று உணர்ந்திருக்கிறோம். 2001 முதல் 45 நாட்களாக இருந்த மீன்பிடித் தடைக்காலம், 2017 முதல் ஏப்ரல் 15 தொடங்கி 61 நாட்களாயிற்று. மீன் பெருக விசைப்படகு காத்திருக்கிறது. மாணவர்களாகிய நாம் எதற்காவது காத்திருக்கிறோமா?

தாயின் நகை அடகுக் கடையில். மகன் கையில் தவணையில் வாங்கிய புதிய செல்பேசி! ஒரு நாள் திருமணத்துக்காக வாங்கிய கடனைப் பத்தாண்டுகள் அடைக்கும் குடும்பங்கள் எத்தனை! கடனில்லாதவன் பிடிக்காத வேலையை உதறலாம். மேற்படிப்பைத் துணிந்து தேர்ந்தெடுக்கலாம். கடன்பட்டவனுக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. எளிமையின் முதற்பயன் சேமிப்பு என்பார்கள். விடுதலை என்பேன் நான்.

நம் கல்லூரியிலிருந்தே தொடங்கலாம். பிரிவுபசார விழாவுக்கு அனைவரும் ஒரே நிறத்தில் புத்தாடை எடுக்க வேண்டும் என்ற கட்டாயத்தை விட்டுவிடுவோம். அந்தப் பணம் இல்லாமையால், மூன்றாண்டு உடன் பயின்ற ஒருவர் அன்று வராமல் போனால், அவ்விழாவில் என்ன மகிழ்ச்சி இருக்க முடியும்? உள்ளதை உடுத்தி வருவோம். ஒருவரும் விடுபடாமல் வருவோம். மிஞ்சும் பணத்தில் துறை நூலகத்துக்கு நான்கு நூல்கள் வாங்கி வைப்போம். நமக்குப் பின் வருவோர் அவற்றைப் படிக்கட்டும்!